எரியும் விமானத்தின் இறக்கையை நோக்கி ஊர்ந்தவர்: யார் இந்த நார்மன் ஜாக்சன்?

1944 ஏப்ரல் 26 இரவு. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரத்தின் மேலே ஏறத்தாழ 20,000 அடி உயரத்தில் பிரிட்டன் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று தீப்பிடித்தது. பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே தீ. விமானத்தின் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டர். உள்ளே இருந்த ஏழு பேரில் ஒருவர், கையில் ஒரு சின்ன தீயணைப்பானை எடுத்துக்கொண்டு, மேல் கதவைத் திறந்து வெளியே ஏறினார். இறக்கையில் போய் தீயை அணைப்பதுதான் திட்டம்.

சினிமாவில் வந்தால்கூட கொஞ்சம் ஓவர் என்று சொல்லிவிடுவோம். ஆனால் இது நடந்தது. அவர் பெயர் நார்மன் சிரில் ஜாக்சன். அன்றைக்கு அவருக்கு வயது 25. பைலட் இல்லை, துப்பாக்கி வீரரும் இல்லை. விமானத்தின் ஃபிளைட் இன்ஜினீயர்.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம், அன்றிரவு அவர் அந்த விமானத்தில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவருடைய கணக்கு இரண்டு நாளுக்கு முன்பே முடிந்துவிட்டது.

ஃபிட்டர் வேலையிலிருந்து விமானப்படைக்கு

லண்டனுக்கு மேற்கே உள்ள ஈலிங் பகுதியில் 1919 ஏப்ரல் 8 அன்று பிறந்தார் ஜாக்சன். பிறந்த சில நாட்களிலேயே கன்டர் என்ற குடும்பம் அவரைத் தத்தெடுத்து வளர்த்தது. படிப்பு முடிந்ததும் ஃபிட்டர், டர்னர் வேலை கற்றுக்கொண்டார். நம்ம ஊர் ஐடிஐ மாணவர்களுக்கு நன்றாகப் பழகிய அதே தொழில்தான். லேத்தில் இரும்பைக் கடைவது, பாகங்களைப் பொருத்துவது, எங்கே தேய்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று காதாலும் கையாலும் கண்டுபிடிப்பது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியது. கைத்தேர்ச்சி உள்ள தொழிலாளர்கள் தொழிற்சாலைகளுக்குத் தேவை என்பதால், ஜாக்சன் பார்த்த வேலைக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு இருந்தது. வீட்டிலேயே இருந்திருக்கலாம். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் போர் தொடங்கிய அடுத்த மாதமே, அக்டோபர் 1939-ல், விமானப்படையின் தன்னார்வப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேயும் முதலில் இன்ஜின் ஃபிட்டர் வேலைதான். 1941 ஜனவரியில் 95-ஆவது படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். மேற்கு ஆப்பிரிக்காவில், சியரா லியோனின் ஃப்ரீடவுன் துறைமுகத்தில் இருந்து இயங்கிய படைப்பிரிவு அது. தண்ணீரிலேயே இறங்கி ஏறும் சண்டர்லேண்ட் என்ற பெரிய கடல் விமானங்கள் அவர்களிடம் இருந்தன. அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடுவதும் சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவதும் அவற்றின் வேலை. அந்த இன்ஜின்களைப் பராமரிப்பது ஜாக்சனின் வேலை.

தரையிலேயே இருந்து போரை முடித்திருக்கக்கூடிய இரண்டாவது வாய்ப்பு இது. அதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிளைட் இன்ஜினீயர் பயிற்சிக்கு விண்ணப்பித்தார். 1942 செப்டம்பரில் இங்கிலாந்து திரும்பினார்.

ஃபிளைட் இன்ஜினீயர் என்ன செய்வார்?

இன்றைய பயணிகள் விமானங்களில் இந்த வேலை இல்லை. கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் 1940-களின் நான்கு இன்ஜின் விமானத்தில் ஒரு ஆள் முழு நேரமும் இதற்காகவே தேவைப்பட்டார்.

முதலில் பிரிட்டன் குண்டுவீச்சு விமானங்களில் இரண்டு பைலட்டுகள் இருந்தார்கள். ஒரு பைலட்டைத் தயார் செய்ய நிறைய காலமும் பணமும் ஆகும். விமானம் சுடப்பட்டால் இரண்டு பைலட்டுகள் ஒரே நேரத்தில் போய்விடுவார்கள். 1942-ல் இந்த முறை கைவிடப்பட்டது. ஒரு பைலட் போதும், பக்கத்தில் இன்ஜின் தெரிந்த ஒருவர் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார்கள். ஃபிளைட் இன்ஜினீயர் என்ற பதவி இப்படித்தான் முக்கியமானதாக மாறியது. தரையில் மெக்கானிக்காக இருந்த பலர் இந்த வழியாக ஆகாயத்துக்குப் போனார்கள். வேல்ஸில் உள்ள செயின்ட் ஏதன் தளத்தில் அவர்களுக்குப் பயிற்சி நடந்தது. முடித்தவர்களுக்கு மார்பில் ஒற்றை இறக்கையும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும் கொண்ட பேட்ஜ் கிடைக்கும்.

லங்காஸ்டரில் பைலட்டின் வலது பக்கத்தில் மடக்கி வைக்கும் ஒரு சின்ன இருக்கை. அதுதான் இவருடைய இடம். விமானம் மேலெழும்போது பைலட் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். நான்கு இன்ஜின்களின் த்ராட்டிலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வது இவர். சக்கரங்களை உள்ளே இழுப்பது, ஆயில் பிரஷர், வெப்பநிலை பார்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு.

இதையெல்லாம்விடப் பெரிய தலைவலி பெட்ரோல். லங்காஸ்டரின் இரண்டு இறக்கைகளிலும் சேர்த்து ஆறு டேங்குகள். மொத்தக் கொள்ளளவு 2,154 கேலன், அதாவது சுமார் 9,800 லிட்டர். எந்த டேங்கிலிருந்து எந்த நேரத்தில் எடுப்பது, எவ்வளவு செலவானது, வீடு திரும்பப் போதுமா என்று பயணம் முழுவதும் கணக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பக்கத்து டேங்க் குண்டடி பட்டு ஒழுகினால், அதிலிருப்பதை வீணாகும் முன் பயன்படுத்திவிட வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் எதிரி சுடாமலேயே விமானம் கடலில் விழும்.

சுருக்கமாகச் சொன்னால், இறக்கைக்குள் என்ன இருக்கிறது என்று அந்த ஏழு பேரில் மிக நன்றாகத் தெரிந்தவர் ஃபிளைட் இன்ஜினீயர்தான். பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

30 முறை போய் வந்தால் ஓய்வு

1943 ஜூலை இறுதியில் 106-ஆவது படைப்பிரிவில் சேர்ந்தார் ஜாக்சன். முதலில் சையர்ஸ்டன் தளம். அந்த ஆண்டு நவம்பரில் படைப்பிரிவு லிங்கன்ஷயரின் மெதரிங்ஹம் தளத்துக்கு மாறியது. அவருடைய பைலட் ஃப்ரெட் மிஃப்ளின். நியூஃபவுண்ட்லாந்துக்காரர். அன்று அது கனடாவோடு சேரவில்லை, தனி நிலப்பகுதியாக இருந்தது.

குண்டுவீச்சு விமானக் குழுக்களுக்கு ஒரு கணக்கு உண்டு. 30 தாக்குதல் பயணங்களை முடித்தால் ஒரு சுற்று முடிந்தது. அதன்பின் குறைந்தது சில மாதங்களுக்குப் பயிற்சி கொடுப்பது போன்ற ஆபத்தில்லாத வேலை கிடைக்கும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிரிட்டன் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் உயிரிழந்தார்கள். 100 பேர் போனால் 44 பேர் திரும்பவில்லை. காயமடைந்தவர்களும் கைதானவர்களும் தனி. ஒவ்வொரு இரவும் சாப்பாட்டு மேசையில் சில நாற்காலிகள் காலியாகும், அடுத்த வாரம் புதிய முகங்கள் வரும்.

ஜாக்சன் பறந்த காலம் அதிலும் மோசமானது. 1943 நவம்பரிலிருந்து 1944 மார்ச் வரை பெர்லின் மீது தொடர் தாக்குதல்கள் நடந்தன. அந்தக் குளிர்காலத்தின் கடைசியில், மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் நகரைத் தாக்கப் போன 795 விமானங்களில் 95 திரும்பி வரவில்லை. ஒரே இரவில் குண்டுவீச்சுப் படை சந்தித்த மிகப் பெரிய இழப்பு அது.

இந்தச் சூழலில் ஏப்ரல் 24 அன்று ஜாக்சன் தன் 30-ஆவது பயணத்தை முடித்தார். அவருக்கு வேலை முடிந்தது. ஆனால் அவருடைய குழுவுக்கு முடியவில்லை.

ஏன் 31-ஆவது முறை?

காரணம் சின்னது. இடையில் ஒரு நாள் வேறொரு விமானத்துக்கு ஆள் குறைந்தபோது அவர்களோடு ஜாக்சன் பறந்திருந்தார். அதனால் தன் தோழர்களைவிட ஒரு பயணம் கூடுதல். ஜாக்சன் 30 என்றால், மிஃப்ளினும் மற்றவர்களும் 29.

விதிப்படி அவர் ஒதுங்கிக்கொள்ளலாம். கடைசிப் பயணத்துக்கு அவர்களோடு வேறொரு ஃபிளைட் இன்ஜினீயர் போயிருப்பார். ஆனால் இத்தனை மாதம் ஒன்றாகப் போய்விட்டு, கடைசி நாளில் மட்டும் தரையில் நின்று வழியனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. எல்லோரும் சேர்ந்தே முடிக்கலாம் என்று தானாக முன்வந்தார்.

விமானக் குழுவினருக்கு இதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பழகாத ஆளோடு பறப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். இருட்டில், இன்ஜின் சத்தத்தில், ஒருவர் என்ன செய்வார் என்று இன்னொருவருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பழக்கம்தான் பல குழுக்களைக் காப்பாற்றியது.

புறப்படும் நாளில் ஜாக்சனுக்கு ஒரு செய்தி வந்தது. மனைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. முதல் குழந்தை, மகன். அந்த மகிழ்ச்சியோடுதான் அவர் விமானத்தில் ஏறினார்.

ஷ்வைன்ஃபுர்ட்டில் என்ன இருந்தது?

பால் பேரிங். டாங்கி, விமான இன்ஜின், பீரங்கி என்று சுழலும் எந்த இயந்திரத்துக்கும் தேவைப்படும் சின்ன உருண்டைகள். ஜெர்மனியின் பால் பேரிங் உற்பத்தியில் பெரும் பகுதி இந்த ஒரு நகரத்தில் இருந்தது. இதை உடைத்தால் ஜெர்மனியின் போர்த் தொழிற்சாலைகளே நின்றுவிடும் என்று நேச நாடுகள் நம்பின.

1943 ஆகஸ்டிலும் அக்டோபரிலும் அமெரிக்க விமானங்கள் பகலில் தாக்கின. இரண்டு முறையும் பெரும் இழப்பு. 1944 ஏப்ரலில் பிரிட்டன் இரவில் முயன்றது. 215 லங்காஸ்டர்கள், 11 மஸ்கிட்டோ விமானங்கள். எதிர்பாராத எதிர்க்காற்று அவர்களைத் தாமதப்படுத்தியது. மஸ்கிட்டோக்கள் தாழப் பறந்து போட்ட அடையாள விளக்குகள் சரியான இடத்தில் விழவில்லை. பல குண்டுகள் நகரத்துக்கு வெளியே போய் விழுந்தன. ஜெர்மன் இரவுப் போர் விமானங்களோ தாக்குதல் நடந்த நேரம் முழுவதும் விடாமல் துரத்தின. அன்று 21 லங்காஸ்டர்கள் வீழ்ந்தன. போன விமானங்களில் 9.3 சதவீதம்.

அந்த 21-ல் ஒன்று மிஃப்ளின் ஓட்டிய விமானம்.

அந்தச் சில நிமிடங்கள்

குண்டுகளைப் போட்டாகிவிட்டது. இலக்கைவிட்டு விமானம் விலகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இரவுப் போர் விமானம் ஒன்று அவர்களைப் பிடித்தது. மிஃப்ளின் விமானத்தை வளைத்துத் திருப்பித் தப்பிக்கப் பார்த்தார். ஆனாலும் பல குண்டுகள் பாய்ந்தன. ஜாக்சன் தரையில் தூக்கியெறியப்பட்டார். வலது காலிலும் தோளிலும் சிதறல்கள் ஏறின.

எழுந்து பார்த்தால், வலது இறக்கையின் மேல்பக்கத்தில் தீ. உடற்பகுதிக்கும் உள்பக்க இன்ஜினுக்கும் நடுவே, பெட்ரோல் டேங்கை ஒட்டி. அந்த டேங்கில் என்ன மிச்சம் இருக்கிறது, தீ உள்ளே போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அதுதானே அவர் வேலை.

தன்னால் அதைச் சமாளிக்க முடியும் என்று கேப்டனிடம் சொல்லி அனுமதி வாங்கினார். கைத் தீயணைப்பான் ஒன்றை உயிர்காப்பு ஜாக்கெட்டின் மேல்பக்கத்தில் செருகிக்கொண்டார். பாராசூட்டை மாட்டிக்கொண்டார். பைலட்டின் தலைக்கு மேலே இருந்த அவசரக் கதவைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே ஏறினார்.

அந்த உயரத்தில் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் மேல். காற்றில் ஆக்சிஜன் பாதிக்கும் குறைவு. எதிரே அடிக்கும் காற்றின் வேகம் கடும் புயலைவிட அதிகம். பைக்கில் 100-ல் போகும்போது முகத்தில் அடிக்கும் காற்றே தாங்காது. இது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

முழுதாக வெளியேறும் முன்பே முதல் விபத்து. பாராசூட் பை திறந்துகொண்டது. துணியும் கயிறுகளும் பைலட் அறைக்குள் கொட்டின. உண்மையில் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். திரும்பி உள்ளே இறங்கியிருக்கலாம். ஜாக்சன் நிறுத்தவில்லை. உள்ளே இருந்த பைலட், நேவிகேட்டர், குண்டு குறிபார்ப்பவர் மூவரும் பாராசூட்டைச் சுருட்டிச் சேர்த்து, கயிறுகளைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் பின்னோக்கி ஊர ஊர, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார்கள். கிணற்றில் இறங்குகிறவருக்கு மேலிருந்து கயிறு விடுவது மாதிரி.

கடைசியில் அவர் வழுக்கினார். விமானத்தின் முதுகிலிருந்து வலது இறக்கை மேல் விழுந்தார். இறக்கையின் முன் விளிம்பில் காற்று உள்ளே போகும் துவாரம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். ஆனால் தீயணைப்பான் காற்றோடு போய்விட்டது.

அதற்குள் தீ வேகமாகப் பரவி அவரையும் சூழ்ந்தது. முகம், கைகள், உடை எல்லாம் எரிந்தன. பிடி நழுவியது. தீயின் ஊடாக அடித்துச் செல்லப்பட்டு, இறக்கையின் பின்விளிம்பைத் தாண்டி இருட்டுக்குள் விழுந்தார். பாராசூட் பின்னாலேயே இழுபட்டுப் போனது. தோழர்கள் கடைசியாகப் பார்த்தபோது அது பாதிதான் விரிந்திருந்தது. பல இடங்களில் எரிந்துகொண்டும் இருந்தது.

அவர் பிழைத்திருப்பார் என்று அவர்கள் யாரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

தீயைக் கட்டுப்படுத்த முடியாது என்று தெரிந்ததும் எல்லோரும் குதிக்கலாம் என்று கேப்டன் உத்தரவிட்டார். நான்கு பேர் பாராசூட்டில் பத்திரமாகத் தரையிறங்கிச் சிறைப்பட்டார்கள். பைலட் மிஃப்ளினும் பின்பக்கத் துப்பாக்கி வீரரும் உயிரிழந்தார்கள். லங்காஸ்டரின் வெளியேறும் வழிகள் குறுகலானவை. மற்ற ரக விமானங்களோடு ஒப்பிட்டால் இதிலிருந்து தப்பியவர்கள் குறைவு. ஏழில் ஐந்து பேர் பிழைத்தது அந்தக் காலக் கணக்கில் பெரிய விஷயம்.

இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். 1941 ஜூலை 7 இரவு, நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட் என்ற இளம் துணை பைலட், வெலிங்டன் விமானத்தின் இறக்கையில் இறங்கி, எரிந்துகொண்டிருந்த தீயைத் துணியால் அழுத்தி அணைத்தார். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருந்தார். விமானமும் பத்திரமாக வீடு திரும்பியது. அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது கிடைத்தது. இரண்டே மாதத்தில், ஹாம்பர்க் தாக்குதலில் வார்ட் இறந்துபோனார்.

அப்படியென்றால் ஜாக்சனுக்கு ஏன் முடியவில்லை? வித்தியாசம் விமானத்தில் இருக்கிறது. வெலிங்டனின் உடல், பின்னல் கூடை மாதிரி உலோகச் சட்டம் போட்டு அதன் மேல் துணி போர்த்தியது. வார்ட் அந்தத் துணியைக் காலால் உதைத்துக் கிழித்து, உள்ளே இருந்த சட்டத்தில் காலையும் கையையும் ஊன்றிக்கொள்ள முடிந்தது. லங்காஸ்டரின் மேற்பரப்பு முழுக்க வழுவழுப்பான உலோகத் தகடு. பிடிக்க ஒன்றும் இல்லை.

மீன் மார்க்கெட்டில் ஈரத் தகரத்தின் மேல் நடப்பதற்கும் மர ஏணியில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கைகளை இழந்தும் ஊர்ந்து

எரிந்த பாராசூட்டில் இறங்குவதை எப்படிக் கட்டுப்படுத்துவது? முடியாது. ஜாக்சன் வேகமாகத் தரையில் மோதினார். கணுக்கால் முறிந்தது. தீக்காயத்தில் வலது கண் மூடிக்கொண்டது. கைகள் இரண்டும் பயனற்றுப்போயின. காலிலும் தோளிலும் ஏற்கெனவே இருந்த காயங்கள் வேறு.

விடியும்வரை கிடந்தார். வெளிச்சம் வந்ததும் முழங்காலாலும் முழங்கையாலும் ஊர்ந்து பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். முந்தைய இரவு குண்டு போட்ட நாட்டில், குண்டு போட்டவராக ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த வீட்டுக்காரர் அவரை வசைபாடியதாகவும், வீட்டில் இருந்த இளம்பெண்கள் இருவர் குறுக்கிட்டுக் காயங்களைத் துடைத்துவிட்டதாகவும் அவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு கைது.

விமானப்படைக் கைதிகளை விசாரிக்கும் முகாமுக்கு அந்த நிலையிலேயே கொண்டு போனார்கள். அதன்பின் 10 மாதம் மருத்துவமனை. உயிர் பிழைத்தார், நடக்கவும் முடிந்தது. கைகள் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஃபிட்டர், டர்னர் வேலை பார்த்த கைகள் அவை.

உடம்பு தேறியதும் அவர் செய்த வேலை, முகாமிலிருந்து தப்பிக்க முயன்றது. முதல் முயற்சியில் மாட்டிக்கொண்டார். இரண்டாவதில் வெற்றி. மியூனிக் அருகே முன்னேறி வந்துகொண்டிருந்த அமெரிக்காவின் மூன்றாவது ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தார்.

வெளியே தெரிந்தது எப்படி?

இங்கேதான் ஒரு சுவாரஸ்யம். அந்த இரவு நடந்தது இங்கிலாந்தில் ஒருவருக்கும் தெரியாது. விமானம் திரும்பவில்லை, அவ்வளவுதான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்று இறந்துவிட்டார்கள், இல்லை ஜெர்மன் முகாம்களில் இருந்தார்கள்.

1945-ல் போர் முடிந்து கைதிகள் வீடு திரும்பினார்கள். அப்போதுதான் ஜாக்சனின் தோழர்கள் அதிகாரிகளிடம் நடந்ததை விவரித்தார்கள். பாராசூட் கயிற்றைக் கையில் பிடித்து விட்டுக்கொடுத்தவர்களே சாட்சி. அவர்கள் பிழைக்கவில்லை என்றால் ஜாக்சனின் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதே மாதிரி யாரும் உயிரோடு திரும்பாத எத்தனையோ விமானங்களில் நடந்தவை அந்த விமானங்களோடே போய்விட்டன.

1945 அக்டோபர் 26 அன்று அரசிதழில் அறிவிப்பு வந்தது. போர்க்களத் துணிவுக்கு பிரிட்டன் தரும் மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ், நார்மன் ஜாக்சனுக்கு. இரண்டாம் உலகப் போர் முழுவதிலும் இந்த விருது வழங்கப்பட்டது 182 முறைதான்.

பக்கிங்ஹாம் அரண்மனையில் 1945 நவம்பர் 13 அன்று மன்னர் ஆறாம் ஜார்ஜ் விருதை அணிவித்தார். அதே நாளில் விக்டோரியா கிராஸ் பெற வந்திருந்த இன்னொருவர் லெனர்ட் செஷைர். 100 பயணங்களை முடித்த, நாடே அறிந்த பைலட். பதவியில் ஜாக்சனைவிடப் பல படி மேலே. மரபுப்படி பதவியில் உயர்ந்தவருக்குத்தான் முதலில். ஆனால் இந்த மனிதர் தன்னைவிட அதிகம் துணிந்தவர், அவருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்று செஷைர் மன்னரிடமே கேட்டார். மரபை மீற முடியாததால் மன்னர் வரிசைப்படிதான் கொடுத்தார். ஆனாலும் செஷைர் அப்படிக் கேட்டதைத் தன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை ஜாக்சன்.

தீ அணையவில்லை, பிறகு ஏன் விருது?

நியாயமான கேள்வி. ரிசல்ட் மட்டும் பார்த்தால் முயற்சி தோல்வி. தீ அணையவில்லை. விமானம் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். பெர்ஃபார்மன்ஸ் ரிவ்யூவில் இதற்கு என்ன மார்க் கிடைக்கும் என்று யோசித்தால் சிரிப்புதான் வரும்.

விருதுக் குறிப்பு பார்த்த கோணம் வேறு. வெளியே போவதே கிட்டத்தட்ட நடக்காத காரியம். இறக்கையை அடைந்து தீயை அணைத்தாலும், அந்தக் காற்றில் திரும்பி உள்ளே வரும் வாய்ப்பு அதைவிடக் குறைவு. காயத்தோடு, எரிகிற இறக்கையை நோக்கி, பாராசூட் திறந்துவிட்ட பிறகும் அவர் தொடர்ந்தார். விமானத்தையும் தோழர்களையும் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது என்று பட்டபோது அதை முயன்று பார்த்தார் என்பதைத்தான் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த விமானம் சுமந்து போனது குண்டுகள். குண்டுவீச்சுப் படையின் தாக்குதல்களில் ஜெர்மனியில் லட்சக்கணக்கான பொதுமக்கள் உயிரிழந்தார்கள். நகரங்களைக் குறிவைத்தது சரியா என்ற விவாதம் போர் முடிந்த உடனேயே தொடங்கி இன்றும் நடக்கிறது. அந்தச் சங்கடத்தில் அரசியல் தலைவர்களும் இந்தப் படையைப் பற்றி அதிகம் பேசாமல் ஒதுங்கினார்கள். பறந்தவர்களுக்குத் தனிப் பதக்கம் தரப்படவில்லை. லண்டன் கிரீன் பார்க்கில் நினைவகம் திறக்கப்பட்டது 2012-ல்தான். பதக்கத்தில் பொருத்திக்கொள்ளும் சின்னப் பட்டை ஒன்றை அதன்பிறகுதான் அறிவித்தார்கள். பெரும்பாலானவர்கள் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

எங்கே குண்டு போடுவது என்று முடிவெடுத்தது ஜாக்சன் இல்லை. ஆனால் அந்த முடிவைச் சுமந்து போன விமானத்தின் இன்ஜின்களை ஓட வைத்தவர் அவர். அவரது துணிச்சலைப் பேசும்போது ஷ்வைன்ஃபுர்ட்டில் கீழே இருந்தவர்களை விட்டுவிட்டுப் பேச முடியாது.

விருதுக்குப் பிறகு

போருக்குப் பின் ஜாக்சன் ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதியானார். விஸ்கி நிறுவனத்துக்காக. தழும்பேறிய கைகளோடு கடை கடையாக ஏறி ஆர்டர் எடுத்தார். கைத்தொழிலுக்குத் திரும்ப முடியாதவருக்குக் கிடைத்த நல்ல வேலைதான் அது. ஏழு பிள்ளைகள். 1994 மார்ச் 26 அன்று, 75-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் இறந்தார். லண்டன் அருகே ட்விக்கன்ஹாம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவருடைய விக்டோரியா கிராஸ் 2004-ல் ஏலத்துக்கு வந்தது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கவே பிள்ளைகள் விரும்பியிருந்தார்கள். கடைசியில் அது 2,35,250 பவுண்டுக்கு விலைபோனது.

கிரீன் பார்க் நினைவகத்தின் நடுவில் ஏழு வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. தாக்குதல் முடித்து இப்போதுதான் தரையிறங்கிய ஒரு குழு. பைலட், நேவிகேட்டர், குண்டு குறிபார்ப்பவர், வயர்லெஸ் ஆபரேட்டர், இரண்டு துப்பாக்கி வீரர்கள், அவர்களோடு ஒரு ஃபிளைட் இன்ஜினீயர். யாருடைய பெயரும் அந்தச் சிலைகளுக்கு வைக்கப்படவில்லை.